போகாமல் போன சிங்கப்பூர்

கல்யாணமாகிச் சிங்கப்பூர் போன என் தங்கை ஒவ்வொரு வருஷமும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். நாங்கள்தான் போகவில்லை. கரும்பும் நெல்லும் இரண்டு கறவை மாடும் வைத்திருக்கிறவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப முடியாது. சோரியாங்குப்பத்திலிருந்து ஆற்றைத் தாண்டிக் கடலூருக்குத் துணி எடுக்கப் போனால்கூட, பால் கறக்கிற நேரத்துக்குள் திரும்பிவிடுவோம்.

என் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் அது. தங்கை தன் பிள்ளைகளோடு அங்கே ஒரு பெரிய தீம் பார்க்குக்குப் போய், ஒரு வீடியோ எடுத்து அனுப்பியிருந்தாள். ஒரு படகு உயரத்திலிருந்து சரிந்து வந்து குளத்தில் விழுகிறது. தண்ணீர் இரண்டு பக்கமும் எழும்பி எல்லார் மேலும் கொட்டுகிறது. உள்ளே இருக்கிற பிள்ளைகள் தொப்பலாக நனைந்துகொண்டு கத்திச் சிரிக்கிறார்கள். என் மகளுக்கு அது ஓடினால்தான் சோறு இறங்கும். படகு விழுகிற இடம் வரும்போது அவளும் வாயில் சோற்றோடு கத்துவாள்.

"ப்பா, நம்ம எப்பப்பா அந்த போட்ல போறது?"

என் கணவர் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "இந்த லீவுக்குப் போவலாம்டா" என்றார்.

சும்மா சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். மறுநாளே பாகூர் கடைத்தெருவில் இருக்கிற பாய் கடைக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். செல்போன் ரிப்பேரோடு விமான டிக்கெட்டும் போட்டுக்கொடுக்கிற கடை அது. திரும்பி வந்தவரின் முகத்தை இன்றைக்கும் என்னால் நினைவுக்குக் கொண்டுவர முடிகிறது. சின்ன வயதிலேயே அப்பாவை இழந்து நிலத்தில் இறங்கியவர். பள்ளிக்கூடத்தில் சுற்றுலா அழைத்துப்போன போதெல்லாம் நடவு, களை என்று ஏதாவது ஒன்று அவரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். "நாந்தான் எங்கியும் போவல. அவளாவது பாக்கட்டுமே" என்றார். அரையாண்டு லீவுக்குப் போய், நெல் அறுப்புக்கு முன்னால் வந்துவிடலாம் என்று முடிவானது. தெருக்கோடியில் இருக்கிற அவருடைய பெரியப்பா மகன் மாடுகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

அதன் பிறகு வீட்டில் வேறு பேச்சே இல்லை. அந்தப் படகில் ஏற இவ்வளவு உயரமாவது இருக்க வேண்டும் என்று பாய் சொல்லியிருந்தார். மகள் கொஞ்சம் குட்டை. அவளுக்குத் தினம் முட்டை கொடுக்கச் சொன்னார் என் கணவர். சாயந்திரம் ஆனால் கொய்யா மரக்கிளையைப் பிடித்துத் தொங்கவிடுவார். "வளந்துட்டனாப்பா?" என்று தொங்கிக்கொண்டே கேட்பாள். பாஸ்போர்ட் வந்தது. போட்டோவில் அவள் சிரிக்கக் கூடாது என்றதால் உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாள். டிக்கெட் போட்டுவிட்டு, விசாவுக்காக மூன்று பாஸ்போர்ட்டையும் பாயிடம் கொடுத்துவிட்டு வந்தோம். மகள் வகுப்பில் ஒரு பிள்ளை விடாமல் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள்.

நவம்பர் கடைசியில் புயல் அடித்தது. கரும்பு சாய்ந்ததே தவிர வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மழை விட்டு வெயில்கூட எட்டிப்பார்த்தது. மேற்கே பேய்மழை, ஆற்றில் நிறையத் தண்ணீர் வருகிறது, மேட்டுக்குப் போய்விடுங்கள் என்று கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் வண்டி மைக்கில் சொல்லிக்கொண்டு போனது. தென்பெண்ணை எங்களுக்குப் புதிதில்லை. தண்ணீர் வந்தால் கொல்லைவரை வரும், போய்விடும். அந்த முறையும் அப்படித்தான் என்று ஊரில் பாதிப்பேர் இருந்துவிட்டோம்.

விடிந்து பால் கறக்கப் போனவர் போன வேகத்தில் ஓடி வந்தார். "ஏய், புள்ளய தூக்கு. தண்ணி தெருவுக்கு வந்துட்டுது."

நான் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் வாசற்படி முழுகிவிட்டது. எங்களுடையது ஓட்டு வீடு. தெருக்கோடியில் பெரியப்பா மகனின் மெத்தை வீடு இருக்கிறது, அங்கே போய்விட்டால் மாடியில் ஏறிக்கொள்ளலாம். என் கணவர் மாடுகளை அவிழ்த்து விட்டுவிட்டு, மகளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். தண்ணீர் செம்மண் நிறத்தில், வைக்கோலும் செருப்பும் குடமுமாக இழுத்துக்கொண்டு ஓடியது. முதலில் முழங்கால், பிறகு இடுப்பு. மகள் பயப்படவில்லை. "ப்பா, போட்ல போற மாதிரியே இருக்குதுப்பா" என்றாள்.

தெருவோரத்தில் வாய்க்கால் இருப்பது எங்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு எது தெரு, எது வாய்க்கால் என்று யாராலும் சொல்ல முடிந்திருக்காது. அவர் கால் அதில் இறங்கியது. ஒரே அமுக்காக இரண்டு பேரும் உள்ளே போனார்கள். அவர் எழுந்துவிட்டார். கையில் அவள் இல்லை. கொஞ்சம் தள்ளி அவளுடைய பாவாடை மட்டும் ஊதிக்கொண்டு மேலே தெரிந்தது. நான் பாய்ந்து பிடித்தது பாவாடையையா தலைமயிரையா, எனக்கே தெரியாது. தூக்கியபோது கண் திறந்திருந்தது, மூச்சு இல்லை. முதுகில் அடித்தேன். வாயாலும் மூக்காலும் தண்ணீர் வந்தது, பிறகுதான் சத்தம் வந்தது. மாடியிலிருந்து கயிறு போட்டு எங்களை இழுத்துக்கொண்டார்கள்.

பாகூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களைத் தங்கவைத்தார்கள். பாய் ரொட்டியும் பாலும் எடுத்துக்கொண்டு எங்களைத் தேடி வந்தார். மகள் தலையைத் தடவிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, இத இப்ப சொல்லலாமா வேணாமான்னு தெரியல. விசா வந்துடுச்சி."

வீட்டில் இருந்த எல்லாம் சேறாகிவிட்டது. ஒரு மாடு திரும்பி வந்தது, ஒன்று வரவில்லை. கடையில் இருந்ததால் பாஸ்போர்ட்டுகள் மட்டும் நனையாமல் பிழைத்துக்கொண்டன.

ஊருக்குத் திரும்பிச் சேற்றை வாரிக் கொட்டிக்கொண்டிருந்த நாட்களில்தான் மகளைக் கவனித்தேன். தலையில் தண்ணீர் ஊற்றவிட மாட்டேன் என்றாள். சொம்பைக் கண்டாலே சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஈரத்துணியால் துடைத்துத்தான் பள்ளிக்கூடம் அனுப்பினேன். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அவள் அப்பாவிடம் போகவில்லை. அவர் தூக்க வந்தால் உடம்பு முழுக்க விறைத்துக்கொள்ளும். "அம்மா, அம்மா" என்று என்னைத்தான் தேடுவாள். அவர் கையை எடுத்துக்கொண்டு, ஏதோ வேலை இருக்கிற மாதிரி கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

நனைந்த போனைப் பாய் சரிசெய்து கொடுத்திருந்தார், தங்கை அதில் தினமும் பேசினாள். "அக்கா, கெளம்பி வாங்க. அந்த எடத்த விட்டு வந்தாதான் புள்ள மறக்கும். பார்க்குக்குப் போனா எல்லாம் சரியாப் பூடும்." எனக்கும் அது சரியென்று பட்டது. அவருக்கும் கொஞ்சம் ஆசை துளிர்த்தது. ஒரு சாயந்திரம் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினார்.

"பாரு பாப்பா, நம்ம போட்டு."

படகு மேலே ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். சரியத் தொடங்கியதும் அவள் போட்ட கத்தல் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். போனைத் தட்டிவிட்டு, அவரை இரண்டு கையாலும் தள்ளினாள். "வுட்டுடுவ, நீ வுட்டுடுவ" என்று கத்தினாள். உட்கார்ந்த இடத்திலேயே பாவாடை நனைந்துவிட்டது.

அவளைத் தூங்கவைத்துவிட்டு வந்து பார்த்தேன். அவர் மாடு இல்லாத முளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"படகு வேணாம். சும்மா சுத்திப் பாத்துட்டு வருவோங்க" என்றேன்.

"எங்கிட்டயே வரமாட்டங்குறா. அவள கூட்டிக்கினு கடல் தாண்டிப் போயி இன்னா பண்றது?" என்றார். பிறகு, "எனுக்கு அவ சொல்றது தப்பாத் தெரியல" என்றார்.

நான் என்னென்னவோ சொன்னேன். வாய்க்கால் மேல் பழி போட்டேன், ஆற்றைத் திட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், ஒன்றும் உள்ளே போகவில்லை. மறுநாள் பாயிடம் நான்தான் போய்ச் சொன்னேன். தேதி மாற்றிப்பார்க்கிறேன் என்றார் அவர். எந்தத் தேதிக்கு என்று கேட்டார். பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

விமானம் ஏற வேண்டிய நாளில் சாய்ந்த கரும்பை வெட்டப் போயிருந்தோம். தங்கை போன் செய்தாள், நான் எடுக்கவில்லை.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம், மகளை அழைத்துவரப் போனபோது அவளுடைய டீச்சர் சிரித்துக்கொண்டே என்னிடம் வந்தார். புதுச்சேரியிலிருந்து வருகிறவர், அந்த வருஷம்தான் சேர்ந்திருந்தார்.

"வெள்ளத்துலயும் எப்படியோ போய்ட்டு வந்துட்டீங்க போல. சிங்கப்பூர் எப்படி இருந்திச்சி?"

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். "க்ளாஸ்ல எல்லார்க்கும் கதை சொன்னா. போட் மேலேர்ந்து வந்து தண்ணியில வுழுந்திச்சாம். அப்பா கைய வுட்டுட்டாராம், அம்மாதான் புடிச்சாங்களாம். பாவம், ரொம்ப பயந்துட்டா போல."

மகள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் இல்லை என்று சொன்னால் மற்ற பிள்ளைகள் முன்னால் அவள் பொய்க்காரி ஆகிவிடுவாள். "ஆமாங்க டீச்சர். பயந்துட்டா" என்றேன். வழியில் அதைப் பற்றி அவளிடம் நான் கேட்கவில்லை. வீட்டில் அவரிடம் நான் இதைச் சொல்லவும் இல்லை. இன்றுவரை அவருக்குத் தெரியாது.

அவளைப் பிள்ளைகள் டாக்டரிடம் காட்டினோம். போகப்போகச் சரியாகும் என்றார். சில விஷயங்கள் சரியாயின. இப்போது தலைக்குக் குளிக்கிறாள், கண்ணை மட்டும் திறந்தே வைத்துக்கொண்டு. அப்பாவோடு பைக்கில் பள்ளிக்கூடம் போகிறாள். பின்சீட்டில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொள்வாள். அவர் இடுப்பைப் பிடிப்பதில்லை. மழைக்காலம் வந்தால் எங்கே போவதென்றாலும், "அங்க ஆறு இருக்குதா?" என்று என்னிடம்தான் கேட்பாள்.

அவர் அவளுக்குச் செய்யாதது ஒன்றுமில்லை. ஷூவுக்குக் கயிறு கட்டிவிடுகிறார், நோட்டுக்கு அட்டை போட்டுக்கொடுக்கிறார். அவளும் "தேங்க்ஸ்ப்பா" என்கிறாள், வெளி ஆளிடம் சொல்கிற மாதிரி. வீடியோ காட்டிய அன்றைக்குப் பிறகு அவர் அவளைத் தூக்கவே இல்லை. அவளும் மளமளவென்று வளர்ந்துகொண்டிருக்கிறாள். இன்னும் கொஞ்ச நாளில் தூக்கும் வயசையே தாண்டிவிடுவாள்.