குடும்பப் படத்துக்கு வந்தவள்

படித்து முடித்ததும் "நல்ல கற்பனை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கற்பனை செய்ய எனக்கு வராது. எதிரில் இருப்பதை அப்படியே எடுப்பதுதான் என் பிழைப்பு. நான் புகைப்படக்காரி. பெயர் தாக் யோன்ஜு. இது பிப்ரவரி பதினாறு, ஞாயிற்றுக்கிழமை, ஆன்சான் நகரத்தின் கலைக்கூடத்தில் நடந்தது. மணி கூட எனக்கு நினைவிருக்கிறது.

எங்கள் ஊர்த் தொழிற்சாலைகளில் பல நாட்டுக்காரர்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்காகக் கலைக்கூடம் ஒரு கண்காட்சி வைத்தது. இங்கே இருப்பவரை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, பக்கத்தில் இடம் விட்டு நான் படம் எடுப்பேன். அவருடைய ஊரில் வீட்டாரை, அதே போல இடம் விட்டு, இன்னொருவர் எடுப்பார். இரண்டையும் இணைத்தால் குடும்பப் படம். வருடக்கணக்கில் பிரிந்திருப்பவர்கள் சுவரிலாவது சேர்ந்து உட்காரட்டும் என்றுதான்.

அன்று காலையிலிருந்து பதின்மூன்று பேர். காலி இடத்தைத் திரும்பிப் பார்த்து அழாதவர் ஒருவர்கூட இல்லை.

"இன்னும் ஒருத்திதான் அக்கா. சந்தூன்னு எங்க ஊர்ப் பொண்ணு" என்றாள் தியாரி. கம்போடியாக்காரி. இந்த ஊர்க்காரரைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு வருடமாகிறது. எங்களுக்கு மொழிபெயர்ப்பவள்.

"இந்தப் பனியில எங்கடி வரப்போறா?"

"ஓசி போட்டோன்னா எங்க ஆளுங்க புயல்லயும் வருவாங்க. நீங்க விளக்கை அணைச்சிடாதீங்க. நான் போய் சூடா ஏதாவது வாங்கிட்டு வரேன்."

அவள் படியிறங்கும்போது மணி 5:31.

நான் விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தேன். 5:38-க்குத் திரும்பினேன். பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

அந்த அறைக் கதவு திறந்தால் கிறீச்சிடும். அப்போது கிறீச்சிடவில்லை.

"சந்தூவா?" என்றேன். அவள் கேமராவையே பார்த்தாள். முப்பது வயதிருக்கும். மெல்லிய சட்டை. மேலே கோட்டு இல்லை. மூன்று மணியிலிருந்து வெளியே பனி கொட்டுகிறது. அவள் தோளில் ஒரு துளி பனி இல்லை.

"பக்கத்துல ரெண்டு பேருக்கு இடம் விடுங்க அக்கா" என்றாள். எங்கள் மொழி நன்றாகவே பேசினாள்.

"பேர்ப் பட்டியல்ல அம்மா மட்டும்தான்னு எழுதியிருக்கே?"

"ரெண்டு பேர்."

பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். நான் கேமராவைக் கண்ணில் வைத்தேன். குவியம் அவள்மேல் நிற்கவில்லை. அவளைத் தாண்டிப் பின்னாலிருந்த திரைச்சீலையில் போய் நின்றது. மறுபடியும் திருப்பினேன். மறுபடியும் திரையில்தான். கடைசியில் கையாலேயே திருகி வைத்தேன்.

முதல் படம். பளிச்.

சொட்… சொட்… எங்கோ தண்ணீர் சொட்டியது. மேலே பார்த்தேன். கூரை காய்ந்திருந்தது. தரையும் காய்ந்திருந்தது.

"அக்கா… முகம் தெளிவா விழணும்."

"விழும்மா."

"பாத்த உடனே நான்தான்னு தெரியணும்."

இரண்டாவது படம். பளிச். திரையில் பெஞ்சின் நிழல் விழுந்தது.

பெஞ்சின் நிழல் மட்டும்.

கடல் வற்றும்போது வரும் சேற்று வாடை. அறை முழுக்க.

மூன்றாவது. பளிச்.

கேமராவிலிருந்து கண்ணை எடுத்தேன்.

பெஞ்சில் யாரும் இல்லை.

மணி 5:44.

சொட்டுவது நின்றிருந்தது…

வெளியே ஓடினேன். இருப்பது ஒரே படிக்கட்டு. கையில் காகிதப் பையோடு தியாரி ஏறி வந்துகொண்டிருந்தாள்.

"இப்ப ஒருத்தி இறங்கிப் போனாளே…"

"யாரும் வரலயே அக்கா."

கேமராவில் படங்களைப் போட்டுப் பார்த்தேன். மூன்று படங்கள். மூன்றிலும் அவள் இருந்தாள். கண்ணிமை முடிகூடத் தெளிவாக.

மறுநாள் மதியம் 12:10-க்குத் தியாரிக்கு ஒரு போன். "மன்னிச்சிடுங்க அக்கா, நேத்து மொதலாளி விடல. இன்னொரு நாள் வரட்டுமா?" சந்தூதான் பேசினாள்.

தியாரி என்னைப் பார்த்தாள். அந்தப் படத்தைச் சந்தூவுக்கு அனுப்பினாள். போனில் அழுகை. மொழி தெரியாத எனக்கும் அந்த அழுகை புரிந்தது.

"அவளோட அக்காவாம். பேரு மாலிஸ்" என்றாள் தியாரி. "தாய்லாந்துக்கு வேலைக்குப் போறேன்னு கிளம்பினவ. ஆறு வருஷமா தகவலே இல்லையாம்."

அன்று மாலையே சந்தூ வந்தாள். இருபத்து நான்கு வயது. விரல்களில் பெயிண்ட் கறை. படத்தை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா இன்னும் அவளுக்கும் சேத்துத்தான் சோறு வைக்கிறாங்க. இதை எப்படி அனுப்புவேன்? அனுப்பாமத்தான் எப்படி இருப்பேன்?"

அவளைப் பற்றி விசாரிக்க அன்றிரவே மூவருமாகக் காவல் நிலையத்துக்குப் போனோம். படம் எப்போது எடுத்தது என்று அதிகாரி கேட்டார். "பழைய படம்" என்றேன். வாழ்நாளில் நான் சொன்ன பெரிய பொய் அதுதான்.

பழைய கோப்பு ஒன்றில் அந்த முகம் இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன் எங்கள் ஊர்க் கடலோரத்தில் ஒதுங்கிய பெண். பையில் வேறு யார் பெயரிலோ ஒரு பாஸ்போர்ட். கேட்டு வர யாரும் இல்லாததால் எரித்து, சாம்பலை ஆளில்லாதவர்கள் கூடத்தில் வைத்திருந்தார்கள். சந்தூவின் ரத்தத்தைச் சோதித்தார்கள். கோப்பில் வைத்திருந்த மாதிரியோடு பொருந்தியது.

அவள் தாய்லாந்துக்குப் போகவே இல்லை. இங்கேதான் இருந்திருக்கிறாள். ஞாயிறுதோறும் சந்தூ சந்தைக்குப் போகும் பேருந்து அந்தக் கூடத்தின் வாசலைத் தாண்டித்தான் போகிறது. இரண்டு வருடமாக.

சாம்பல் பெட்டியை வாங்க நானும் போயிருந்தேன். சந்தூ அதைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டாள். குனிந்து, தன் மொழியில் என்னவோ மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

குமாஸ்தா பெரிய பதிவேட்டைப் புரட்டினார்.

"நல்லவேளை, எடுத்து வைக்கச் சொல்லி போலீஸ் தாள் அன்னிக்கு ராத்திரியே வந்துச்சு. நாங்க அஞ்சு வருஷம்தான் வெச்சிருப்போம். அப்புறம் எல்லாச் சாம்பலையும் ஒண்ணாக் கலந்து கொட்டிடுவோம். யாரு எவருன்னு ஒண்ணும் தெரியாது."

"இவளுக்கு எப்ப முடிஞ்சிருக்கும்?" என்றேன்.

அவர் விரலை வரிமேல் வைத்துக் காட்டினார்.

பிப்ரவரி பதினெட்டு, காலை ஒன்பது மணி.