பூந்திக்கொட்டையில் அலசிய ரெக்கார்டு

திருச்செங்கோட்டில் ஞாயிறு மதியம் நாங்கள் நான்கு பேர் கூடி அமெரிக்கப் பழைய ரெக்கார்டுகள் கேட்போம். ராக் அண்ட் ரோல் தலையெடுத்த காலத்துப் பாட்டுகள், ப்ளூஸ், ஜாஸ். போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் நண்பரின் மாடியில்தான் கூட்டம். ரசிகர்கள் என்று பேர்தானே தவிர ஒருவரை ஒருவர் நம்புவது கிடையாது. இரவல் வாங்கிப் போனவர் திருப்பித் தரும்போது எல்லார் முன்னாலும் முழுவதும் ஓட்டிக் காட்ட வேண்டும். புதுக் கீறல் கேட்டால் அன்றைக்கு யாரும் சரியாக முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

போன கோடையில் ரிக் நண்பரிடம் ஒரு சாக்ஸபோன் ரெக்கார்டை வாங்கி வந்தேன். அவருக்கு அது உயிர். தருவதற்கே வெகுநாள் இழுத்தடித்தார். அதில் படிந்திருந்த அழுக்கைப் பார்த்ததும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. பட்டுச்சேலை வியாபாரி நான். நுரைக்கும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பட்டுத்துணி அலசிப் பழகிய கை. லேபிள் நனையாமல் ரெக்கார்டையும் அப்படியே அலசி, துணியால் ஒற்றி, நிழலில் உலர்த்தினேன். ஓட்டிப் பார்த்தால், பியானோவுக்குப் பின்னால் டிரம்ஸ்காரர் பிரஷ்ஷால் தேய்ப்பதுகூடக் கேட்டது. மனுஷன் கட்டிப்பிடித்துக்கொள்ளப் போகிறார் என்ற சந்தோஷத்தோடு எடுத்துப் போனேன்.

நண்பர் கண்ணை மூடிக் கேட்டார். பாட்டின் நடுவே சட்டென்று கண்ணைத் திறந்தார். அந்த இடத்தில் டொக் டொக்கென்று ஒரு சத்தம் வருமாம், அதைக் காணோமாம். பாட்டு முடிந்ததும் என்னைப் பார்த்தார்.

"இது நல்லாத்தானுங்க இருக்குது. என்னோடது எங்கீங்க?"

அலசிய கதையைச் சொன்னேன். ஒருவர் லேபிள் மாற்றி ஒட்டியதா என்று அதன் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். இன்னொருவர், இதே ரெக்கார்டு சேலத்தில் புதிதாகக் கிடைக்கிறதா என்று விளையாட்டுபோலக் கேட்டார். திருடன் என்று நேராகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மறுவாரம் பூந்திக்கொட்டையோடு போனேன். ரிக் நண்பருடைய ப்ளூஸ் ரெக்கார்டு ஒன்றை முதலில் ஓட்டிக் காட்டிவிட்டு, எல்லார் முன்னாலும் அலசினேன். முடிக்கும்வரை நண்பர் என் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உலர்ந்ததும் ஓட்டினோம். கரகரப்பு பாதிக்கு மேல் போயிருந்தது. மற்ற இருவரும் அசடு வழியச் சிரித்தார்கள். ரிக் நண்பர் உள்ளே போய் அந்த சாக்ஸபோன் ரெக்கார்டை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார்.

"உங்கள நம்பறனுங்க. ஆனா நான் இத்தன வருசமா கேட்ட பாட்டு இதுல இல்லீங்க. நீங்களே வெச்சுக்கங்க."

வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. இப்போதும் ஞாயிறு தவறாமல் போகிறேன். டீ வருகிறது, பேச்சு வருகிறது. நம்புகிறேன் என்று சொன்ன அந்த மனுஷன் அதற்குப் பிறகு ஒரு ரெக்கார்டைக்கூட என்னிடம் இரவல் கொடுத்ததில்லை.