அருப்புக்கோட்டை அண்ணன்

எங்கள் வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கூடம். போனில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஆடும்போது மற்றவர்கள் மைக்கில் பேசிக்கொள்வார்கள். நான் மைக்கைப் போட்டால் தறிச் சத்தம் அவர்கள் காதைக் கிழித்துவிடும். அதனால் மூன்று வருடமாக எழுதியே பதில் சொன்னேன். என் அணியில் இருந்த மூன்று கல்லூரி மாணவர்களும் நான் ஆண் என்று முடிவு செய்து ‘அருப்புக்கோட்டை அண்ணே’ என்று கூப்பிட்டார்கள். நான் திருத்தவில்லை. பெண் என்று தெரிந்தால் சண்டையில் முன்னால் போகவிடாமல் பின்னால் நிறுத்திவிடுவார்களோ என்று நினைத்தேன்.

சென்னையில் வீடியோ கேம் திருவிழா வந்தது. நால்வரும் நேரில் கூடி போட்டியில் ஆடுவது என்று அவர்களே பேசிப் பெயரும் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் சொன்னேன்.

“எல்லாந்தான் போன்லயே இருக்குல்ல? அங்க போயி என்னத்தப் பாக்கப் போற?” என்றார் கணவர்.

“ஆளுகளப் பாக்கப் போறேன். நீங்களும் வாரீகளா?”

வந்தார்.

அரங்கம் நம்மூர்க் கோயில் பொங்கல் கூட்டத்தைப் போல நெருக்கியது. அட்டையில் செய்த இறக்கைகளோடு ஒரு பெண் நடந்தாள்; அவளோடு படம் எடுக்க வரிசை நின்றது. பழைய கார்ப் பந்தய விளையாட்டின் முன்னால் நரைத்த தலைக்காரர் ஒருவர் தன் முறைக்காகப் பொறுமையாகக் காத்திருந்தார். யாரும் யாரையும் விநோதமாகப் பார்க்கவில்லை.

போட்டி மேடைக்கு அருகில் ஒரு குரல் கேட்டது.

“ஏலே, அண்ணன எங்க? நம்ம முறை வந்துரும்லா!”

தினமும் கேட்ட திருநெல்வேலிக் குரல். முகத்தை அன்றுதான் பார்த்தேன். பக்கத்தில் மற்ற இருவரும் நின்றார்கள். நேரே போய் நின்று, “அருப்புக்கோட்டை வந்தாச்சு” என்றேன்.

அவன் எனக்குப் பின்னால் நின்ற கணவரிடம் பாய்ந்து கையைப் பிடித்துக்கொண்டான். “அண்ணே! எம்புட்டு நாளா பாக்கணும்னு இருந்தோம்!”

“நான் இல்லப்பா,” என்றார் அவர். “எனக்குத் தறிய விட்டா ஒண்ணும் தெரியாது. ஒங்க அண்ணன் இவதான்.”

மூவரும் என் பக்கம் திரும்பினார்கள். திருநெல்வேலிக்காரன் கேட்டான்: “அப்போ போன வாரம் பாலத்துல ஒத்தையா நாலு பேரச் சாச்சது?”

“நாந்தான்.”

“அக்கா, வாங்க. சீட்டுல உக்காருங்க!”

நான்கு நாற்காலிகள், தோளோடு தோள். முதன்முறையாக ஆட்டத்தில் வாய் திறந்தேன். “கூரை மேல ஒருத்தன் நிக்கான், குனிலே!” அவன் குனிந்தான், நான் சுட்டேன். பின்னால் நின்றவர்கள் ‘ஓ’ என்று கத்திக் கைதட்டினார்கள். வீட்டில் இதே மாதிரி எத்தனையோ முறை சுட்டிருக்கிறேன்; போனைக் கீழே வைத்துவிட்டு குக்கரை இறக்கப் போயிருக்கிறேன். எதற்காக ஜனங்கள் அவ்வளவு தூரம் போகிறார்கள் என்று யாராவது கேட்டால் அந்தக் கைதட்டலைத்தான் சொல்வேன். அது எவ்வளவு கடினமான குறி என்று தெரிந்தவர்கள் தட்டியது அது.

இரண்டாவது சுற்றில் தோற்றோம். ஜெயித்த அணியும் நாங்களும் தரையில் உட்கார்ந்து, நான் கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைப் பகிர்ந்து தின்றபடி கடைசி நிமிடத்தைப் பற்றிச் சண்டை போட்டோம். மூன்று பேரும், அவசரப்பட்டு முன்னால் பாய்ந்த என்மேல்தான் பிழை என்றார்கள், அதுவும் உண்மைதான். “அடுத்த தடவையும் நாந்தான் முன்னால போவேன்” என்று சொல்லிவிட்டேன். ஒருவரும் மறுக்கவில்லை.