தோள்வலி என்றாள் தங்கை

இந்த வாரம் எழுதப்போவதை அச்சில் போடலாமா என்று எனக்கே கூச்சம்தான். ஆனாலும் பெண்கள் நிறையப் பேர் படிக்கிறீர்களே... எழுதிவிடுகிறேன்.

போன மாதம் ஜோகுபாளையத்திலிருந்து என் தங்கை பிலோமினாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். இடது மார்பில் எலுமிச்சம்பழம் போல ஒரு கட்டி. வலி இல்லை. அதுதான் பயம் – எங்கள் தெருவில் ஒருத்திக்கு அப்படித்தான் ஆரம்பித்தது. மார்பையே எடுத்தும் பிழைக்கவில்லை. தங்கையின் மகனோ பால்குடி மறந்து கொஞ்ச நாள்தான் ஆன பிள்ளை.

"என்னம்மா தொந்தரவு?" என்றார் டாக்டரம்மா. பக்கத்தில் கம்பவுண்டர். அவர் ஆண்பிள்ளை ஆயிற்றே!

"தோள்ல வலிங்க" என்றாள் தங்கை.

டாக்டரம்மா தோளை அமுக்கினார். கையைத் தூக்கச் சொன்னார். தைலம் எழுதினார். இவள் எழுந்தே விட்டாள்! முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"உக்காருடி! அம்மா, தோள் இல்லீங்க... கொஞ்சம் கீழே."

கம்பவுண்டர் தானாகவே வெளியே போனார்.

டாக்டரம்மா கட்டியைத் தொட்டுப் பார்த்தார். "புள்ளைக்கு எப்போ பால் மறக்கடிச்சே?"

"ஈஸ்டர் முடிஞ்சதும். மல்லிப்பூ வச்சுக் கட்டினோம்."

பால் வற்ற நம் வீடுகளில் செய்வதுதானே? அவர் தலையசைத்துவிட்டு ஊசியை எடுத்தார்.

"ஐயோ, ஊசி பட்டா பரவிடுமாமே!" என்றாள் தங்கை.

"யார் சொன்னது? பக்கத்து வீட்டு டாக்டரா?"

ஊசி இறங்கியதும் தங்கை என் கையை நசுக்கினாள். ஊசிக்குழாயில் ஏறியது ரத்தமில்லை... கெட்டியான பால்! கட்டி அப்படியே அமுங்கிப்போனது.

"மார்புல பால் வர்ற குழாய் அடைச்சு, பால் உள்ளேயே தங்கிடுச்சு. அபூர்வமா வரும். கான்ஸர் மாதிரியே மிரட்டும்" என்றார். ஆனாலும் ஒரு சொட்டைக் கண்ணாடியில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க அனுப்பினார். பதில் வரும்வரை தங்கை சரியாகச் சாப்பிடவில்லை. மகனை இடுப்பைவிட்டு இறக்கவுமில்லை.

கெடுதல் ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. மகனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

எல்லாக் கட்டியும் பால்கட்டியாக இருந்துவிடாது. எது எப்படிப்பட்டது என்று தெருவுக்குத் தெரியாது, நம் பயத்துக்கும் தெரியாது. பார்க்கத் தெரிந்தவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது நாம் தோளைக் காட்டினால்?

கூச்சம் எனக்கும் உண்டு. ஆனால் வெட்கப்படுவதற்காவது உயிரோடு இருக்க வேண்டாமா?