இட்லி கேட்டால் வடை கொடுத்த அக்கா

தங்கம்மா அக்கா போய்விட்டார் என்று போன் வந்தபோது நான் மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். வலப்பக்கம் மட்டும் முடிந்திருந்தது. அப்படியே மோட்டார் சைக்கிளை எடுத்துவிட்டேன். துக்க வீட்டில் என்னைப் பார்த்தவர்கள் குனிந்துகொண்டது அழுகையை மறைக்கத்தான் என்று நினைத்தேன்.

எங்கள் ஊர் லூனாசில் அவர் இட்லிக் கடையில் பசியாறிய எல்லாருக்கும் அக்காவின் வாய் தெரியும். "உன் லோரியவிட உன் வாய்தான்டா அதிகம் ஓடுது" என்பார் லாரி ஓட்டும் என்னிடம். என் மகள் நிலாவுக்கு அவர் செய்தது பலருக்குத் தெரியாது.

நிலாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மூன்று வயதில் அறுவை சிகிச்சை செய்து உள்ளே காக்ளியர் கருவி வைத்தார்கள். வெளியே, தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வட்டத் துண்டு. அதைத்தான் வீட்டில் 'காது' என்போம். மாட்டியதும் மளமளவென்று பேசிவிடுவாள் என்றிருந்தேன். சத்தம் கேட்டது, பேச்சு வரவில்லை. "என்ன வேணும்?" என்றால் "என்ன வேணும்" என்று அதையே திருப்பிச் சொல்வாள். கேட்பது வேறு, மொழி வேறு என்றார் பேச்சுப் பயிற்சி கொடுத்தவர். அடுத்த வருடம் பள்ளிக்கூடம். வயிறு வலித்தால்கூடச் சொல்லத் தெரியாதே என்று என் மனைவி அழுவாள்.

நாங்களோ பாவம் பார்த்து, அவள் கை காட்டியதையெல்லாம் எடுத்துக் கொடுத்தோம். அக்கா கொடுக்கமாட்டார். இட்லியைக் காட்டினால் வடையை வைப்பார். வடையைத் தள்ளினால் துடைப்பத்தை நீட்டுவார்.

"பாவம்லா அக்கா, புள்ள பசியோட நிக்குது."

"நீ சும்மா இரு. எல்லாத்தையும் கையில குடுத்துட்டா அவ எதுக்குடா வாயத் தொறக்கணும்? எங்கிட்ட சண்ட போடட்டும்."

மாதக்கணக்கில் நடந்தது இந்தக் கூத்து. ஒருநாள் நிலா கத்தினாள்: "தொடப்பம் வேணாம்! பாட்டி, இட்லி குடு!"

யார் சொன்னதையும் திருப்பிச் சொல்லாமல், அவளே கோத்த முதல் பேச்சு அது. நான் அழுதுவிட்டேன். அக்கா அழவில்லை. "யாருக்குடி பாட்டி? அத்தைன்னு சொல்லு!" என்று சண்டைக்குப் போனார்.

இப்போதும் நீளமாகப் பேசினால் நிலாவுக்குச் சொற்கள் முன்பின்னாகும். கூட்டத்தில் பாதிதான் பிடிபடும். ஆனால் புரியாவிட்டால், "மறுபடி சொல்லுங்க" என்று கேட்கிறாள். அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: அவள் சொல்லி முடிக்கும்வரை என் வாயை மூடிக்கொண்டு நிற்பது. அது எவ்வளவு பெரிய வேலை என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

சவ வண்டி புறப்படும் நேரம், அம்மாவோடு வந்திருந்த நிலா அதன் இரும்புக் கதவில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "அத்தை, நாளைக்கு... நான் யார்கிட்ட சண்ட போடுவேன்?" என்று நிதானமாகக் கேட்டாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. கேட்டு முடித்துத் தலையை எடுத்தாள். காது கதவிலேயே ஒட்டிக்கொண்டது. வண்டி கிளம்பிவிட்டது. சுடுகாட்டு வாசலில் போய்க் கழற்றி வாங்கி வந்தேன்.