டாக்டர் சொன்ன பாதி

ஏழாம் மாதம் என் எடை மளமளவென்று ஏறியிருந்தது. "தினமும் அரை மணி நேரம் நடங்க. நடக்கும்போது பேச முடியணும், முடியலைன்னா உடனே உக்காந்துடுங்க" என்றார் டாக்டர்.

நடக்கச் சொன்னதை மட்டும் வீட்டில் சொன்னேன். உட்காரச் சொன்னதை விழுங்கிவிட்டேன். இடுப்புவலி எடுத்த நாளிலும் வயலில் நாற்று நட்டதாக மாமியார் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். அவரிடம் போய் உட்காரணும் என்பதா?

அன்று சாயங்காலம் வாய்க்கால் கரையில் அவர் முன்னால் விறுவிறுவென்று போனார். நான் வீம்பாகப் பின்னாலேயே போனேன்.

"வளைகாப்புக்கு உங்க வீட்டுல எத்தனை பேரு வராங்க?"

எனக்கு மூச்சு வாங்கியது. பதில் சொல்ல முடியவில்லை.

"உன்னத்தான் கேக்குறேன். படிச்ச திமிரா, வாயே தொறக்க மாட்டேங்குற?"

வயிறு கல்லாக இறுகியது. மதகுச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தவர் ஓடிவந்தார்.

"பேச முடியலன்னா... உக்காரணுமாம், அத்தை. டாக்டர் சொன்னாங்க."

"இத ஏன்டி மொதல்லயே சொல்லல?"

அவர் என் வயிற்றில் கை வைத்தபடியே பக்கத்தில் உட்கார்ந்தார். இறுக்கம் மெல்லத் தளர்ந்து, உள்ளே ஓர் உதை விழுந்தது. அதற்குப் பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.

"பாடிக்கிட்டேதான் நடவு நடுவோம்" என்றார். "வலி எடுத்த அன்னிக்கு எனக்கும் பாட்டு நின்னுபோச்சு. கரையேறி உக்காருன்னு சொல்லத்தான் ஒருத்தரும் இல்ல."