ஒரே அச்சில் அடித்த காசு

இலங்கையில் எண்பதுகளின் கடைசி அது. பிடித்துக்கொண்டு போன ஆட்களைக் கொன்று டயர் போட்டு எரித்தார்கள். ரோட்டோரம் டயர் எரிந்து கிடந்தால் யாரும் கிட்டப் போய்ப் பார்க்காத காலம். மாத்தளை டவுனில் எங்களுக்கு ஒரு பாத்திரக் கடை இருந்தது. பழைய செம்பு, பித்தளையை எடைக்கு எடுப்போம். அதோடு வெள்ளைக்காரன் காலத்துச் செப்புக் காசுகளும் சேர்ந்து வரும். மற்றவர்களுக்கு அது உருக்குகிற செம்பு, எனக்கோ அதுதான் உயிர். பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன் என்றால் அடுப்பில் சோறு தீய்ந்தாலும் தெரியாது. "உன்னக் கட்டினதுக்கு ஒரு உண்டியலக் கட்டியிருக்கலாம்" என்பார் என் வீட்டுக்காரர். சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்!

ஒரே ராணி, ஒரே ஆண்டு, ஒரே அளவு என்றாலும் எல்லாக் காசும் ஒன்றில்லை. காசு அடிக்கிற அச்சில் அந்தக் காலத்தில் இலக்கங்களைக் கையால் குத்துவார்களாம். அதனால் ஒரு அச்சில் புள்ளி தள்ளி நிற்கும், இன்னொன்றில் இலக்கம் சரிந்திருக்கும். ராணியின் முகமே அழிந்து போன காசைக்கூட, எதற்கு நேரே எது நிற்கிறது என்று பார்த்து இன்ன அச்சு என்று என்னால் சொல்ல முடியும். காசு எவ்வளவு தேய்ந்தாலும் இலக்கம் இடம் மாறாது. இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அலுவிகாரைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கூலிக்கு வேலை செய்த பெண் ஒருத்தி எங்கள் கடைக்கு வந்துபோகிற பழக்கம். முதல் இரண்டு பிள்ளைகளும் அவளுக்குத் தங்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் அடுத்த பிள்ளை பிறந்ததும் வேறு வீட்டில் மடியேந்தி ஒரு செப்புக் காசு வாங்கி, ஓட்டை போட்டு, பிள்ளையின் அரைஞாண் கயிற்றில் கட்டுவது எங்கள் ஆட்களிடம் வழக்கம். அதற்குப் பதினெட்டு வருஷத்துக்கு முன்னே, பச்சைப் பிள்ளையோடு அவள் வந்து என்னிடம் மடியேந்தினாள். ஒரே அச்சில் அடித்த சின்னக் காசு இரண்டு என்னிடம் இருந்தது. ஆண்டு இலக்கத்தின் கடைசியில் வருகிற ஆறு மட்டும் கீழே இறங்கி, விளிம்பை முட்டிக்கொண்டு நிற்கும். அதில் ஒன்றை எடுத்து அவள் மடியில் போட்டேன். அந்த மகன் தங்கினான். மீசை முளைத்த பிறகும், "இந்தா இருக்கு ஒங்க காசு" என்று சட்டையைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பான்.

அந்த டயர் எரிந்த காலத்தில் வில்கமுவப் பக்கம் வெள்ளாமை வெட்டப் போனவன் திரும்பவில்லை. யார் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று யாருக்கும் தெரியாது, கேட்கவும் பயம். தேடிப் போன அவன் சித்தப்பாவிடம், பாலத்தடியில் டயர்ச் சாம்பலுக்குள் கிடந்தது என்று யாரோ ஒரு காசைக் கொடுத்திருக்கிறார்கள். அதை முந்தானையில் முடிந்துகொண்டு அவள் கடைக்கு வந்தாள்.

"அக்கா, தோட்டத்துல பாதிப் பயலுக இடுப்புல இந்த மாதிரிக் காசு கெடக்கு. எல்லாத்துக்கும் ஒரே ஆசாரிதான் ஓட்ட போட்டாரு. இது அவனோடது இல்லன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிருங்க."

காசு பளபளவென்று இருந்தது. என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"கருகிக் கெடந்துச்சுக்கா. புள்ளையோட சாமான அப்படிப் பாக்க முடியல. புளி போட்டு வெளக்கிட்டேன்."

பழைய காசைத் துலக்கினால் யாராக இருந்தாலும் திட்டிவிடுவேன். அன்றைக்குப் பூதக்கண்ணாடியைத்தான் எடுத்தேன்.

ஏற்கனவே தேய்ந்த காசு, புளியில் இன்னும் மழுங்கிக் கிடந்தது. மாரியாத்தா, அந்த ஆறு நேராக நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் கண்ணாடியைப் பிடித்தேன். அது இறங்கித்தான் இருந்தது. என்னிடமிருந்த மற்றக் காசை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

"தங்கச்சி, நான் குடுத்தது இந்த அச்சுதாம்மா" என்றேன்.

அலறப் போகிறாள் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் அலறவில்லை. இரண்டு காசையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒரே மாதிரி ரெண்டு இருக்கே அக்கா. அந்த அச்சுல இன்னும் நெறைய அடிச்சிருப்பாங்கல்ல?"

"ஆயிரக்கணக்குல அடிச்சிருப்பாங்க."

"அப்ப இது வேற புள்ளையோடதாவும் இருக்கலாமில்ல?"

என் வீட்டுக்காரர் தராசை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்த அச்சில் இந்த இரண்டைத் தவிர வேறொரு காசு என் கண்ணில் பட்டதில்லை. ஆனால் அவள் கேட்டதும் தப்பில்லையே. அச்சு எது என்றுதான் எனக்குத் தெரியும், யார் இடுப்பில் கிடந்தது என்று காசு சொல்லுமா?

"இருக்கலாம்" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். "ஐயோ, எந்த மகராசி பெத்த புள்ளையோ! அவளுக்குத் தகவல்கூடப் போயிருக்காதே!" என்று கடை வாசலில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். கேட்டு நின்ற எங்களுக்கும் தாங்கவில்லை. நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த ஊர் பேர் தெரியாத பிள்ளைக்கு அவளே காரியம் செய்தாள். காசைத் தோட்டத்துக் கோயில் மரத்தடியில் புதைத்து விளக்கு வைத்தாள். ஆடி அமாவாசை தவறாமல் படையல் போட்டாள். தன் மகனுக்கு மட்டும் ஒன்றும் செய்யவில்லை. அவன் வருவான் என்று தட்டில் சோறு எடுத்து மூடி வைப்பாளாம். சாகும் வரைக்கும் அப்படித்தான்.

யாருக்காக விளக்கு வைக்கிறோம் என்று அவளுக்கு நிஜமாகவே தெரியாதா, தெரிந்தேதான் செய்தாளா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை, அப்படிக் கேட்காமல் இருந்ததுதான் அவளுக்கு நான் செய்த ஒரே உதவி என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.